தூக்க ஒரு ஆள் கேட்டுப் போனோம்

"அவங்க கையிலதான் அமெரிக்காவே இருக்குதாமே. நீங்க அவங்ககிட்டயே வேலை பாத்தவங்க. அந்த ரகசியத்த எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்கம்மா."

எங்கள் ஊர் லுத்தரன் சபையின் செயலாளர் இப்படிக் கேட்டபோது அவர் கையில் பாதி கடித்த பஜ்ஜி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கூட்ட அறையில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. 'அவங்க' என்று அவர் சொன்னது யூதர்களை. அமெரிக்காவில் ஒரு நகரத்தில் யூத சமூகத்தார் நடத்தும் ஒரு சேவை அமைப்பில் நான் பல வருஷம் வேலை பார்த்தேன். வயதானவர்கள், உடம்பு முடியாதவர்கள் வீடுகளுக்குத் தினமும் உதவி ஆள் அனுப்புகிற அமைப்பு அது. எந்த வீட்டுக்கு யார் போவது, குளிக்க வைக்கவா, சாப்பாடு ஊட்டவா என்று ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. இதையெல்லாம் செயலாளரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவர் காதில் விழுந்தது 'யூதர்' என்ற ஒரு சொல்தான். மீதியை வாட்ஸ்அப்பைப் பார்த்து அவரே நிரப்பிக்கொண்டார்.

எவராவது ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்துவிட்டால் அதற்குப் பின்னால் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று நம்புவது சோம்பேறிகளுக்கு ரொம்ப வசதி. ரகசியம் தெரியாததால்தான் நம்மால் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொள்ளலாம். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அமெரிக்கா அவர்கள் கையில் இருந்திருந்தால், எங்கள் இயக்குநர் அம்மாள் வருஷா வருஷம் ஆறிப்போன சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வாஷிங்டன் நடைபாதைகளில் கால் கடுக்க நின்றிருக்க வேண்டியதில்லை.

ஆனால் அன்று நான் கோபித்துக்கொண்டு எழுந்து வரவில்லை. அந்தக் கமிட்டியால் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. சரியாகச் சொன்னால், என் தங்கைக்கு ஆகவேண்டியிருந்தது.

தங்கை வீடு நீடாமங்கலத்திலிருந்து உள்ளே, வாய்க்கால் கரையோடு போகிற பாதையில் இருக்கிறது. அவளுக்கு ஒரே மகள். பிறக்கும்போதே மூளைக்குக் காற்று போகாமல், கைகால் எதுவும் அவள் சொன்னபடி கேட்காது. தலைகூடத் தானாக நிற்காது. பேச்சு கிடையாது, சிரிப்பு உண்டு. ரயில் ஊதினால் போதும், உடம்பு முழுக்கச் சிரிப்பாள். என்னோடு படித்தவர்களின் பிள்ளைகள் கல்யாணமாகிக் குழந்தை பெற்றுவிட்ட வயது அவளுக்கு. இன்னும் எல்லோருக்கும் அவள் பாப்பாதான்.

தங்கை வீட்டுக்காரர் வளைகுடாவில் லாரி ஓட்டுகிறார். அதனால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, திரும்பக் கட்டிலுக்கு என்று பாப்பாவைத் தூக்குவது எல்லாம் தங்கைதான். போன சம்பா நடவு சமயத்தில் அவளுக்கு இடுப்பு விழுந்தது. இனிமேல் கனம் தூக்கக்கூடாது என்று தஞ்சாவூர் டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். தங்கை சரி சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பாப்பாவைத் தூக்கிக் குளிக்க வைத்தாள்.

பக்கத்து வீட்டு அம்மாள் நல்ல தெம்பானவள். நடவுக்குப் போகிற உடம்பு. வந்து தூக்கித் தர அவளுக்கு மனசு உண்டு. ஆனால் நூறு நாள் வேலை நடக்கும் நாளில் அவள் வாய்க்கால் கரைக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் கூலி போய்விடும். அங்கே மண்வெட்டியை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாலும் அது வேலை. இங்கே ஒரு மனுஷியைத் தூக்கிக் குளிக்க வைத்தால் அது வேலை இல்லை. ஏன் இல்லை என்றால் சட்டத்தில் எழுதவில்லை. எழுதினால் அதுவும் வேலைதான். அப்படி எழுதுவது கலெக்டர் கையில் இல்லை, சென்னையிலும் இல்லை, டெல்லியில் இருக்கிறது. டெல்லியில் இதை எடுத்துப் பேச ஒரு எம்.பி. வேண்டும்.

நாங்கள் கேட்க நினைத்தது இவ்வளவுதான். பாப்பாவைத் தூக்க ஒரு ஆள். அது கிடைக்கவில்லையென்றால் என்ன ஆகும் என்பதைச் செயலாளரே ஒருநாள் தங்கை முகத்துக்கு நேராகச் சொன்னார்: "ஏதாவது ஹோம்ல விட்டுடலாமேம்மா. வேளாங்கண்ணி பக்கம்லாம் நல்ல ஹோம் இருக்கு." பழைய சோபாவை எங்கே போடலாம் என்பதுபோலச் சொன்னார். தங்கை அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

அதனால் கமிட்டிக்கு 'ரகசியத்தை' சொன்னேன்.

வருஷத்துக்கு ஒருமுறை, நாடு முழுக்க இருக்கிற யூத அமைப்புகளிலிருந்து ஆட்கள் வாஷிங்டனுக்குப் போய்த் தங்கள் தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பார்ப்பார்கள். வீட்டு உதவி ஆட்களுக்கு அரசாங்கம் தரும் பணத்தை வெட்டாதே, கூட்டு என்று கேட்பதற்கு. எங்களிடம் உதவி பெற்றவர்களில் பாதிக்கு மேல் யூதர்களே இல்லை. யார் முடியாமல் கிடந்தாலும் ஆள் அனுப்புவோம். "அரசாங்கம் பணம் தரலேன்னா நாம கடைய சாத்த வேண்டியதுதான். அதனால போறோம்" என்றுதான் இயக்குநர் அம்மாள் சொல்வார், அவர் பாஷையில். அதற்கு மேல் தத்துவம் பேசமாட்டார். குள்ளமான, முடி நரைத்த, சிடுசிடுப்பான மனுஷி. நடக்க ஒரு ஜோடி துணி ஷூவும், கதவுக்கு முன்னால் மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி நல்ல ஷூவும் பையில் வைத்திருப்பார்.

ஒரு வருஷம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ரயிலில் ஏறியதிலிருந்து சண்டைதான். அவர்களுக்குள்ளேயே எத்தனையோ பிரிவு. ஓய்வுநாளில் கார் எடுக்கலாமா கூடாதா என்பதிலிருந்து, பொம்பளை முன்னால் நின்று ஜெபம் நடத்தலாமா என்பது வரைக்கும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாதவர்கள். கேட்கவேண்டியது எது என்பதிலும் அப்படித்தான். முதியோருக்கு முதலில் கேட்போம் என்று ஒருவர், ஊனமுற்ற பிள்ளைகளுக்கு என்று இன்னொருவர். பாதுகாப்புச் சோதனை வரிசையிலும் சண்டை, லிஃப்டிலும் சண்டை. ஒருத்தர் இன்னொருத்தரை மூளையில்லாதவரே என்று கூப்பிட்டதை என் காதால் கேட்டேன். கதவுக்கு முன்னால் வந்ததும் இயக்குநர் அம்மாள் ஷூ மாற்றுவார். அவர் நிமிர்வதற்குள் சண்டை முடிந்திருக்கவேண்டும் என்பது வழக்கம். உள்ளே போனபிறகு எல்லோருக்கும் ஒரே பேச்சு, ஒரே கேள்வி.

உள்ளே என்ன பெரிய தர்பாரா நடந்தது? உறுப்பினர் வரவில்லை. அவருடைய உதவியாளன் வந்தான், மீசை முளைத்தும் முளைக்காத பையன். அவனுக்கு முன்னால் ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தோம். சின்ன வயதில் ஐரோப்பாவில் யூதர்களைக் கொன்ற ஒரு முகாமில் அடைபட்டு உயிரோடு வந்தவர். முதியோர் இல்லத்தின் நீளமான வராந்தாவும் ராத்திரி பூட்டுகிற கதவும் இனிமேல் தன்னால் முடியாது, வீட்டிலேயே சாக விடுங்கள் என்று அவர் சொன்னார். பையன் குறித்துக்கொண்டான். அவன் செல்போன் இரண்டு தடவை மினுங்கியது, அவன் கண்ணும் இரண்டு தடவை அங்கே போனது. அடுத்துப் போன அலுவலகத்தில் வேறொரு உறுப்பினர், அவரே இருந்தார். கை குலுக்கினார், எங்கள் ஊரில் மழை எப்படி என்று கேட்டார், தான் எங்கள் பக்கம் என்றார், போய்விட்டார். எங்கள் பக்கம் என்று அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால் அடுத்து வருகிறவர்களிடமும் அதையே சொல்வார் என்று தெரிந்தது. மேலே வெள்ளைத் தோல், உள்ளே நம்ம ஊர் அரசியல்வாதிதான்.

அந்த வருஷம் ஒன்றும் கிடைக்கவில்லை. ரயிலில் திரும்பும்போது நான் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் அடுத்த வருஷத்துக்கு யார் யார் வருவது என்று சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் காலையில் இயக்குநர் அம்மாள் முதல் வேலையாக அந்தப் பையனுக்குப் போன் போட்டு நன்றி சொன்னார். அடுத்த வாரம் மறுபடி போன். அதற்கடுத்த வாரமும். "அவன்தான் நாளைக்கு உறுப்பினர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டம் எழுதப்போகிறவன்" என்றார். வருஷங்கள் கழித்துத்தான் கொஞ்சம் பணம் கூடியது. அதற்குள் கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தன் வீட்டில்தான்.

"அவ்வளவுதானா?" என்றார் செயலாளர்.

கமிட்டி முழுக்க முகத்தில் ஏமாற்றம். ஏதோ தங்கச் சாவி எடுத்துக் காட்டுவேன் என்று காத்திருந்தவர்களிடம் துணி ஷூவைக் காட்டியதுபோல ஆகிவிட்டது.

ஆனாலும் எம்.பி.யைப் போய்ப் பார்க்க ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்வதில் எங்கள் ஆட்களுக்கு என்ன கஷ்டம்? கேட்பது ஒன்றே ஒன்று என்றேன். தலையாட்டினார்கள். பேசுவது தங்கை மட்டும் என்றேன். தலையாட்டினார்கள். பொன்னாடை, மாலை எதுவும் கூடாது, இருக்கிற கொஞ்ச நேரம் அதிலேயே போய்விடும் என்றேன். அதற்கு இன்னும் பலமாகத் தலையாட்டினார்கள். ஒரு எதிர்ப்பேச்சு இல்லை, ஒரு சந்தேகம் இல்லை. போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் எழுந்து நம் சபையில் இப்படி ஒருமனம் இருப்பதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லி ஜெபித்தார். சண்டை போடாமல் ஒத்துக்கொள்கிறவர்களை எப்போதும் நம்பக்கூடாது.

எம்.பி. ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்களைச் சந்திக்கிறார் என்று செயலாளர் தேதி வாங்கி வந்தார். எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்பதெல்லாம் வேண்டாம். கொடியின் நிறம் மாறும், மண்டபம் மாறாது. ஒரு வேன் பிடித்தோம். பாப்பாவைப் பின்சீட்டில் தங்கையின் தோளில் சாய்த்து வைத்தோம். சக்கர நாற்காலியை மடித்து மேலே கட்டினோம்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல மூடியிருந்தது. அந்த கேட்டில் காத்திருந்தே இந்த ஊரில் பாதிப்பேருக்கு வயசாகிவிட்டது. சரக்கு வண்டி ஒன்று எஞ்சினைக் கழற்றி மாற்றிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தது. பாப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம். அவள் சிரிப்பதைப் பார்த்துத் தங்கையும் சிரித்தாள். பிறகு மெதுவாக என்னிடம் கேட்டாள்: "என்னக்கா சொல்லணும் நான்?"

"ரெண்டே வாக்கியம். என்னால இனிமே தூக்க முடியல. பக்கத்து வீட்டு அக்கா தூக்குறத வேலையா எழுதச் சொல்லி டெல்லில பேசுங்க. அவ்வளவுதான்."

"அழுவணுமா?"

"வேணாம்."

"நல்லவேளை" என்றாள்.

மண்டபத்து வாசலில் இறங்கியதும் முதல் சந்தேகம் எனக்கு வந்தது. கமிட்டியில் எல்லோருடைய கைப்பையும் புடைத்துக்கொண்டிருந்தது. சட்டைக்குள் எதையோ ஒளித்து வைத்திருந்த ஒருவரின் வயிறும் கொஞ்சம் பெருத்திருந்தது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சண்டை வந்திருக்கும். வந்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும்.

எங்கள் சபையின் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். மேடையில், நேற்று யாரோ மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த சிவப்பு நாற்காலியில் எம்.பி. உட்கார்ந்திருந்தார். மேலே தொங்கிய ஜிகினாவில் மணமக்கள் பெயரைக்கூட எடுக்கவில்லை. செயலாளர் பையைத் திறந்தார். பொன்னாடை. நான் முறைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மேடையேறினார். அவர் போர்த்தியதைப் பார்த்ததும் பொருளாளர் தன் பையைத் திறந்தார். அதைப் பார்த்துப் பாடகர் குழுத் தலைவர். அடுத்தவன் போர்த்தி நான் போர்த்தாமல் இருப்பதா என்ற ரோஷத்தில் ஒருவர் பின் ஒருவராக. நான் வேண்டாம் என்று சொன்னதால், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஆளுக்கொன்று தனித்தனியாகக் கடைக்குப் போய் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் சபைக்குப் பொதுவாக ஒன்றே ஒன்று வாங்கியிருப்பார்கள். எம்.பி.யின் உதவியாளர் பக்கத்தில் நின்று, தோளில் விழுந்ததை விழுந்த வேகத்திலேயே உருவி ஒரு பெரிய பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்த சுறுசுறுப்பைப் பார்த்தால் அந்த மண்டபத்தில் உருப்படியாக வேலை செய்தவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றியது.

போர்த்தியவர்கள் சும்மா இறங்கவில்லை. மேடையேறின சுகத்தில் ஆளுக்கொன்று கேட்டார்கள். கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் வேண்டும் என்றார் பொருளாளர். விரைவு வண்டி எங்கள் பக்கம் நிற்க வேண்டும் என்றார் பாடகர் குழுத் தலைவர். மச்சான் மகனுக்குக் கும்பகோணத்துக்கு மாற்றல் வேண்டும் என்று ஒருவர் காதோடு சொன்னார். கதவுக்கு வெளியே ஒருமனமாக இருந்து உள்ளே வந்ததும் சிதறிப்போகிற ஜாதி நாங்கள். ஐயர் கடைசியாக எம்.பி.யின் தலையில் கை வைத்து ஜெபித்தார். எம்.பி. பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார். அது ஜெபத்துக்கா, தூக்கத்துக்கா என்று தெரியவில்லை.

தங்கை கீழே, மேடைப் படிக்குப் பக்கத்தில், பாப்பாவின் தலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எம்.பி. கண்ணில் சக்கர நாற்காலி பட்டது. அவர் முகம் மாறியது. இரக்கத்தில் இல்லை, படத்தில் எது நன்றாக வரும் என்று தெரிந்தவரின் முகம் அது. "அந்தப் பாப்பாவ மேல கொண்டாங்கப்பா" என்றார். கட்சிக்காரர்கள் நாலு பேர் பாய்ந்து வந்தார்கள். நாற்காலியை நாலு பக்கமும் பிடித்து, பாப்பாவோடு சேர்த்து ஒரே தூக்காகத் தூக்கி மேடையில் வைத்தார்கள். அவ்வளவு லேசாக அவளை யாரும் தூக்கி நான் பார்த்ததில்லை. தங்கையும் பார்த்ததில்லை. தலை சாய்ந்துவிடுமே என்று பதறிக்கொண்டு பின்னாலேயே படியேறி, நாற்காலிக்குப் பின்னால் குனிந்து நின்று கழுத்தைத் தாங்கிக்கொண்டாள். எம்.பி. பாப்பாவின் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். கமிட்டி முழுவதும் இரண்டு பக்கமும் வந்து நின்றுவிட்டது. படம் எடுக்கிறவர் தங்கையைப் பார்த்துக் கையை ஆட்டினார்: "அம்மா, நீங்க இன்னும் கொஞ்சம் கீழ. மறைக்குது பாருங்க." தங்கை இன்னும் குனிந்தாள். வெளிச்சம் அடித்தது.

நான் முன்னால் போனேன். "ஐயா, ஒரே ஒரு விஷயம், இவ அம்மா சொல்லுவா" என்றேன்.

"மனு குடுத்திருக்கீங்கள்ல? பாத்துக்கலாம்மா. நாங்க இருக்கோம்" என்றார். கும்பிட்டுக்கொண்டே இறங்கினார். மயிலாடுதுறையில் அடுத்த கூட்டமாம். நாலு பேரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். மனுவைச் செயலாளர் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். அதில் சுற்றுச்சுவர் முதலில் இருந்தது, ரயில் இரண்டாவது இருந்தது. எங்களுடையது கடைசிக்கு முந்தி, 'மற்றும் மாற்றுத்திறனாளிகள் நலன்' என்று இருந்தது. நலனாம்.

மண்டபம் ஒரு நிமிஷத்தில் காலியாகிவிட்டது. கமிட்டி பக்கத்து ஓட்டலுக்குக் காபி குடிக்கப் போனது. மேடையில் பாப்பா, கழுத்தைத் தாங்கியபடி தங்கை, கீழே நான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. தங்கைக்கு வரவில்லை. அவள் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கமாக இறக்கினால் இடுப்பு தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

செயலாளர் செல்போனை நீட்டிக்கொண்டே திரும்பி வந்தார். "படம் பிரமாதமா வந்திருக்கும்மா. அதுக்குள்ள குரூப்புல போட்டுட்டாங்க. பாருங்க, எல்லாரும் விழுந்திருக்கோம்."

தங்கை போனைப் பார்க்கவில்லை. "அந்தப் படத்துல இருக்கறவங்கள்ல யாரயாவது ஒருத்தரக் கூப்பிடுங்கங்க" என்றாள். "பாப்பாவ இறக்கணும்."

செயலாளர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை. போனைப் பையில் போட்டார். வேறு வழியில்லாமல் மடிப்புக் கலையாத வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியின் முன்பக்கத்தைப் பிடித்தார். நானும் தங்கையும் பின்பக்கம். இரண்டாவது படியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. "என்னம்மா, இவ்வளவு கனமா இருக்கா" என்றார்.

"தினமும் இதே கனம்தாங்க" என்றாள் தங்கை.

இதனால் மனுஷன் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கூட்ட அறையில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். 'எம்.பி.யைச் சந்தித்துக் கோரிக்கை வைத்து வெற்றி' என்று அறிவிப்பில் வாசிக்கவும் செய்தார். என்ன வெற்றி என்று யாரும் கேட்கவில்லை. பஜ்ஜி சூடாக இருந்தது.

நான் அந்தப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். நடுவில் எம்.பி., கையில் பாப்பாவின் கை. பாப்பா ராணி மாதிரி தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தானாக உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். தங்கை படத்தில் இல்லை. அவ்வளவு கீழே குனிந்துவிட்டாள். உற்றுப் பார்த்தால் பாப்பாவின் காதுக்குக் கீழே, தாடையைத் தாங்கிக்கொண்டு, மணிக்கட்டு வரை ஒரு கை தெரியும். அது யாருடைய கை என்று அந்த அறையில் ஒருவரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலையில் எம்.பி. அலுவலகத்துக்குப் போன் போட்டேன். படத்துக்கு நன்றி சொன்னேன். நாக்கு கூசியது, சொன்னேன். அடுத்த வாரமும் போட்டேன். அதற்கடுத்த வாரம் பொன்னாடை உருவின அந்த உதவியாளரே எடுத்தார். "நீங்கதானா திரும்பவும்?" என்றார். நான்தான் என்றேன். இயக்குநர் அம்மாளாக இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். கூட்ட அறைக்குப் போய், சட்டம் போட்ட படத்தை ஆணியிலிருந்து கழற்றினேன். செயலாளர், "அம்மா, அது சபைச் சொத்து" என்றார். "சாயங்காலம் மாட்டிடறேன்" என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். தங்கையையும் கூட்டிக்கொண்டு எம்.பி. அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன். அதுவரை பாப்பாவைப் பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குக் கூலி கிடையாது.

உதவியாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் உட்காரச் சொன்னார். நான் படத்தை மேஜைமேல் வைத்தேன். "நல்லாதானே வந்திருக்கு, இதுல என்னங்க?" என்றார். தங்கை எழுந்து, கண்ணாடிமேல் விரலை வைத்து அந்தக் கையைக் காட்டினாள்.

"இது என் கை" என்றாள். "இது ஓஞ்சு போச்சுங்க. இதுக்குப் பதில் ஒரு கை வேணும்."

அவர் குனிந்து பார்த்தார். அதுவரை அந்தக் கை அவர் கண்ணில் பட்டிருக்கவில்லை. படத்தில் கை இருந்த இடத்தைத் தன் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தார். பிறகு விரலை எடுத்துவிட்டுப் பார்த்தார். அந்த அலுவலகத்தில் பாப்பாவைப் பற்றிய முதல் கேள்வி அப்போதுதான் அவர் வாயிலிருந்து வந்தது.

"இது இல்லன்னா இந்தப் பொண்ணு என்னம்மா ஆவும்?"

"அதத்தாங்க கேக்க வந்தோம்" என்றாள் தங்கை.